நீ போட்ட துளை, நான் சொன்ன பொய்

வளர்மதி,

கையில் மருதாணி காய்ந்த பிறகு இதைப் பிரி. ஈரக் கையோடு தொட்டால் காகிதமும் கெடும், மருதாணியும் கெடும், உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நானாக இருக்கும். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். வாய் இருக்கிறது, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசவும் தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆறு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை. இன்னும் நான்கு நாளில் உனக்குக் கல்யாணம். உன்னைப் பற்றி நீயே நம்பிக்கொண்டிருக்கிற ஒன்று பொய், அதைச் சொன்னவன் நான். புதுப் புடவைகளோடு அதையும் மடித்து வைத்து எடுத்துக்கொண்டு நீ போகக் கூடாது. அதனால்தான் கல்யாண வேலையை எல்லாம் உன் அம்மா தலையில் கட்டிவிட்டு பட்டறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் நம் பட்டறையில் பேரிங் அமுக்குகிற பிரஸ்ஸைப் பற்றியது. இதற்கே முகத்தைச் சுளிக்காதே, பொறுமையாகப் படி. நான் பஸ் ஷெட் வேலையை விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றத்தில் நம் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் பட்டறை போட்டது தொண்ணூற்று ஐந்தில். அப்போதெல்லாம் அச்சிலிருந்து ஒரு பேரிங்கைக் கழற்ற வேண்டும் என்றால் சுத்தியால்தான் அடிப்பேன். பாதி நேரம் பேரிங் வரும், மீதி நேரம் அச்சு வளையும், என் விரல் எப்போதும் வீங்கியே இருக்கும். ஒரு பிரஸ் இருந்தால் அமுக்கியே எடுத்துவிடலாம். கடையில் விற்கிற பிரஸ் நமக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் செங்கல்பட்டு காயலான் கடையில் ஆள் உயரச் சேனல் இரும்பு இரண்டைப் பொறுக்கி எடுத்து, பஸ் கூரையில் போட்டு, வழியெல்லாம் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே கொண்டுவந்து இறக்கினேன். உன் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். “இன்னாயா இது? வூட்டுக்குள்ள கோல் போஸ்ட்டு நட்டு பந்து ஆடப் போறியா?” என்றாள். நட்டு முடித்தபோது அது உண்மையிலேயே கோல் போஸ்ட் மாதிரிதான் இருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அதன் அமைப்பு உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை எழுதுகிறேன், ஏனென்றால் நான் செய்த தப்பு அந்த அமைப்புக்குள்தான் இருக்கிறது. இரண்டு தூண், மேலே அசையாத ஒரு குறுக்குச் சட்டம். அதற்குக் கீழே ஏறி இறங்குகிற ஒரு பலகை இரும்பு, அதன் மேல் லாரிக்குப் போடுகிற பாட்டில் ஜாக். கைப்பிடியை அடிக்க அடிக்க ஜாக்கின் தண்டு மேலே வந்து சட்டத்தை முட்டும். சட்டம் நகராது, அதனால் பலகை கீழே இறங்கி, அடியில் மேசை மேல் இருப்பதை அமுக்கும். வேலை முடிந்து வால்வைத் திறந்தால் பலகை தானாக மேலே ஏற வேண்டும். என்னுடையது ஏறவில்லை. பஞ்சர் கடையில் சைக்கிள் டியூப் வாங்கி, வார்வாராக வெட்டி, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் ஒரு வார் அறுந்து வந்து என் நெற்றியில் அடித்தது. ஒரு வாரம் நெற்றியில் எலுமிச்சங்காய் அளவு வீக்கத்தோடு திரிந்தேன்.

அப்புறம்தான் பரணில் கிடந்த உன் தொட்டில் ஸ்பிரிங் ஞாபகம் வந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது புடவைத் தொட்டிலை அதில்தான் மாட்டி ஆட்டினோம். கேட்டால் தர மாட்டாள் என்று, உன் அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்து மாட்டிவிட்டேன். மறுபக்கத்துக்குக் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்தேன். பலகை என்ன அழகாக ஏறியது தெரியுமா! நான் சந்தோஷத்தில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி விளையாடிக்கொண்டிருந்தபோதே அவள் வந்துவிட்டாள். “எம் பொண்ணு படுத்துத் தூங்குன ஸ்பிரிங்குயா அது! அதுல போயி இரும்ப கட்டித் தொங்கவுட்டுகினு கீறியே!” என்று ஆரம்பித்தவள் இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாளே தவிரப் பேசவில்லை. உனக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மாமியார் வீட்டுப் பரணில் எதன் மேல் கண் போனாலும் கேட்டுவிட்டு எடு.

நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்தாயே, அதற்கு அப்புறம்தான் அந்தப் பிரஸ்ஸுக்கு நல்ல காலம் வந்தது. கீழே இருக்கிற மேசையை வேலைக்கு ஏற்றபடி உயர்த்தவோ தாழ்த்தவோ இரண்டு ஆள் வேண்டும். நான் ஒரு பக்கம் தூக்க, உன் அம்மா முனகிக்கொண்டே மறுபக்கம் மேசையைத் தூணில் தாங்குகிற இரும்பு ஊசியைச் செருகுவாள். முதல் வருஷ லீவில் நீ, சும்மா கிடந்த கிணற்று ராட்டினத்தை எடுத்து மேல் சட்டத்தில் மாட்டி, ஒரு சங்கிலியும் சுற்றுகிற கைப்பிடியும் வைத்து, ஒற்றை ஆளாகவே மேசையை ஏற்றும்படி செய்துவிட்டாய். உன் அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். வந்தவர் போனவரிடமெல்லாம் நான் அதைச் சுற்றிக் காட்டினேன். யார் செய்தது என்று கேட்டவர்களிடம் “நம்ம கைவேலதான்” என்றேன். “நம்ம” என்று சொன்னேனே தவிர உன் பெயரைச் சொல்லவில்லை. அதுவும் தப்புதான், ஆனால் சின்னத் தப்பு. பெரியது இனிமேல்தான் வருகிறது.

இரண்டாயிரத்து மூன்றில், நீ இரண்டாம் வருஷம். பிரஸ்ஸில் எவ்வளவு அழுத்தம் போகிறது என்று தெரியாமலே அமுக்குகிறாயே என்று என்னைப் பிடித்துக்கொண்டாய். “கைக்கே தெரியும்மா” என்றேன். “கைக்குத் தெரியறதுக்குள்ள காதுக்குத் தெரிஞ்சிடுது நைனா, டமார்னு” என்றாய். அந்த மாதம்தான் ஒரு பேரிங்கை அமுக்கியே உடைத்திருந்தேன், துண்டு பறந்து போய் ஓட்டில் ஓட்டை போட்டிருந்தது. நீ சென்னைக்குப் போய் ஒரு பிரஷர் மீட்டர் வாங்கி வந்தாய். ஜாக்கை முழுதாகப் பிரித்து, எண்ணெய் ஓடுகிற வழியைக் கண்டுபிடித்து, அடிப்பாகத்தில் ஒரு துளை போட்டு, மரை வெட்டி, மீட்டரை மாட்டினாய். பூட்டும் முன்னால் மண்ணெண்ணெயில் ஒருமுறை, வெள்ளைத் துணியால் துடைத்து இன்னொருமுறை, மறுபடியும் மண்ணெண்ணெயில் ஒருமுறை என்று மூன்று தடவை கழுவினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் நாம் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முள் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அமுக்கினோம். புளியங்கொட்டை போயிற்று. ஒரு தேங்காயை வைத்தோம், அது வெடித்து சுவரெல்லாம் தண்ணீர் அடித்ததே தவிர முள் அசையக்கூட இல்லை. இருபது டன் மீட்டருக்குத் தேங்காய் எல்லாம் ஒரு பொருட்டா? செங்கல்லுக்குக் கொஞ்சம் மனமிரங்கி எழுந்தது. உன் அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்து, “அப்பனும் பொண்ணும் நல்லா கீறீங்க, நாளைக்கு அம்மிய கொண்டாந்து வெப்பீங்க” என்று சொல்லிக்கொண்டே தேங்காய்ச் சில்லைப் பொறுக்கினாள். மறுநாள் இட்லிக்கு அந்தச் சட்னிதான், இரண்டு இடத்தில் பல்லில் கல் கடித்தது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை நான் வெளியே காட்டவே இல்லை. அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்: நீ தூங்கப் போன பிறகு, வேலை எதுவும் இல்லாமலே போய் அந்த முள்ளை நான்கு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, ஸ்பானர் முதல் சுத்தி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பிரஸ்ஸுக்கு மட்டும் நான் தனியாக ஒரு மரியாதை செய்ய நினைத்தேன். புது மீட்டரோடு இருக்கிறதே! தூணெல்லாம் துரு, பெயிண்ட் உரிந்து கிடந்தது. முழு பிரஸ்ஸிலும் பளபளவென்று இருப்பது ஜாக்கின் தண்டு ஒன்றுதான். அதனால் கைப்பிடியை அடித்துத் தண்டை முழு உயரத்துக்கும் வெளியே கொண்டுவந்தேன். பார்க்கச் சிவலிங்கம் மாதிரியே இருந்தது. மனசு நிறைந்துபோய், திருநீற்றைக் குழைத்து மூன்று பட்டை போட்டேன். நடுவில் சந்தனம், அதன் மேல் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம். மாலையும் போட்டுக் கற்பூரம் காட்டினேன். அன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது அல்லவா, அப்படியே விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க அது காய்ந்து கெட்டியாயிற்று. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து வால்வைத் திறந்தேன். உன் தொட்டில் ஸ்பிரிங் தன் வேலையைச் சரியாகச் செய்தது. தண்டு பட்டையோடும் பொட்டோடும் ஜாக்கின் உள்ளே இறங்கியது.

இதை எழுதும்போதே என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. முப்பது வருஷமாக இரும்போடு பழகியவன், எண்ணெய்க்குள் மண் போகக் கூடாது என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன், பக்தியில் சாம்பலைப் பூசி நானே உள்ளே அனுப்பியிருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை. சாமிக்குச் செய்தது மிஷினுக்கு ஆகாமல் போகும் என்று யார் நினைப்பார்கள்?

அதற்கு மறுநாள் மாமல்லபுரத்திலிருந்து ஏகாம்பரம் வந்தார். சிற்பப் பட்டறை வைத்திருந்தாரே, கழுத்தில் எப்போதும் கல் தூசி படிந்த துண்டோடு, அவர்தான். கல் அறுக்கிற மிஷினின் அச்சைக் கொண்டுவந்து, வெள்ளிக்கிழமை சிலை லாரியில் ஏற வேண்டும், பேரிங்கை மாற்றிக் கொடு என்று நின்றார். நான் அவருக்கு மீட்டரைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டே அமுக்கினேன். முள் ஏறியது, நின்றது, அப்புறம் மெதுவாக இறங்கியது. தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்தது. இன்னும் இரண்டு அடி அடித்தேன், எண்ணெய் வழியவே ஆரம்பித்துவிட்டது. “இன்னா அண்ணாத்த, பேஜாரா பூடுச்சு? உன்ன நம்பித்தான வந்தேன்” என்றார் ஏகாம்பரம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போது நீ கல்லூரிக்குக் கிளம்பிப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாய். நான் திரும்பி உன்னைப் பார்த்துக் கத்தினேன். “எல்லாம் இதுங்க பண்ற வேல! நல்லாகீற ஜாக்குல ஓட்டய போட்டுட்டா. இரும்புத் தூளு உள்ள போயி வாஷர அறுத்துடுச்சு!”

“மூணு தபா கழுவுனேன் நைனா” என்று மட்டும்தான் நீ சொன்னாய். “கழுவுனா இன்னா? தூளு உள்ள கீது, அதான் ஊத்துது” என்றேன். ஏகாம்பரம் பாவம், “வுடு அண்ணாத்த, சின்னப் பொண்ணு” என்று சொல்லிவிட்டு அச்சைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனார். நீ பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாய். சாயங்காலம் வந்து, மீட்டரை நீயே கழற்றி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாய். அழுதிருந்தாய், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

நான்கு நாள் கழித்து, எண்ணெய் கசியாமல் பிடிக்கிற வாஷரை மாற்றுவதற்காக ஜாக்கைப் பிரித்தேன். வாஷரைச் சுற்றிச் சேறு மாதிரி ஒன்று அப்பியிருந்தது. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், சாம்பலும் சிவப்பும் கலந்து இருந்தது. இரும்புத் தூள் சிவப்பாக இருக்காது. மனசு கேட்காமல், பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்துவந்து, அந்தச் சேற்றை ஒரு காகிதத்தில் தடவி, மேலே வைத்துத் தேய்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஜாக்கின் அடியில் இருந்த எண்ணெயையும் வடித்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. அந்த நேரம் பார்த்து மோர் கொண்டுவந்த உன் அம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாயா, குங்குமமாட்டம் கீது?” என்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “பொண்ணு வந்ததும் சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ வந்தாய். வாசலிலேயே நின்று, “பிரிச்சியா நைனா? தூளு இருந்துச்சா?” என்று கேட்டாய்.

“கொஞ்சம் இருந்துச்சும்மா” என்றேன்.

இல்லை, வளர்மதி. கொஞ்சம்கூட இல்லை. நீ கழுவிய கழுவலில் ஒரு பிசிறு மிஞ்சவில்லை. நீ போட்ட துளையும் சரி, வெட்டிய மரையும் சரி, என்னிடம் வேலை பார்த்த எவனும் அப்படி வெட்டியதில்லை. அந்த ஜாக்கைக் கெடுத்தது என் கை. கத்தியதைக்கூட விட்டுவிடு, அது தெரியாமல் கத்தியது. தெரிந்த பிறகு, நீ கேட்ட பிறகு, உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேனே, அதற்குத்தான் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. ஏகாம்பரத்துக்கு முன்னால் கத்திவிட்டோமே, இப்போது எந்த முகத்தோடு தப்பு என்னுடையது என்று சொல்வது என்ற வெட்கம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. பொய் சொன்ன பிறகு மீட்டரைத் திரும்ப மாட்டினால் பொய் நிற்காதே, அதனால் நீ போட்ட துளையை ஒரு போல்ட்டை வைத்து அடைத்தேன்.

அதற்கப்புறம் நீ பிரஸ் பக்கம் வரவே இல்லை. ஆனால் வேலையை விடவில்லை, அதற்கு நான் எந்தச் சாமிக்கு வேண்டுமானாலும் நன்றி சொல்வேன். இப்போது மறைமலைநகர் கம்பெனியில், ஹைட்ராலிக் சிலிண்டர் வெளியே போகும் முன் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறாய். போன மாதம் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மா, காபி டம்ளரை மூன்று தடவை கழுவுகிறாயே என்று உன்னைக் கேலி செய்தார். நீ சிரித்துக்கொண்டே, “நான் எங்க நைனா பிரஸ்ஸையே ஒரு தபா கொன்னுட்டேன் அத்த, அதுலேர்ந்து இப்டித்தான்” என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை உட்பட. நானும் சிரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஆறு வருஷக் கணக்கும் இருந்தது. ஒரு தப்பைச் செய்யாமலே அதைச் சுமந்து, அதிலிருந்தே ஒரு நல்ல பழக்கத்தையும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறாய். நான் சொன்ன பொய்யால் நீ நன்றாக வந்தாய் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பொய் சொல்வதற்கு முன்பே மூன்று தடவை கழுவியவள் நீ.

நேற்று எனக்கு ஒரு துணிச்சல் வந்தது, ஆனால் வழக்கம்போலத் தப்பான பக்கமாக வந்தது. உன்னிடம் சொல்வதற்கு முன் ஒத்திகை பார்ப்போம் என்று சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும், கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். “ஜாக்குக்குப் பட்டை போட்டீங்களா சம்பந்தி? நல்லவேள, வண்டி சாவிக்குப் போடாம வுட்டீங்களே!” என்றார். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. “இத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? புள்ளகிட்ட சொன்னீங்களா? தாலி ஏர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க” என்றார். நல்ல மனுஷி. உனக்கு நல்ல இடம்தான் அமைந்திருக்கிறது, அந்தக் கவலை எனக்கு நேற்றோடு போயிற்று.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்பன் ஏதாவது அறிவுரை சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒன்றுதான் தெரியும், அதையும் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன். வீட்டில் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டால், அது தப்பு என்று தெரிந்த நிமிஷமே போய்ச் சொல்லிவிடு. யார் முன்னால் விட்டாயோ அவர்கள் முன்னாலேயே சொல். அன்றைக்கே சொன்னால் கொஞ்ச நேரம் முகம் சுருங்கும், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கும் இதைச் சொல். அவர் தப்பு செய்துவிட்டு பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தால் பேப்பரைப் பிடுங்கிவிடு. உன் அம்மா அன்று என் பேப்பரைப் பிடுங்கியிருந்தால் எனக்கு ஆறு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கடிதத்தை நீ காரில் ஏறும்போது கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ படிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டாமே என்ற கோழைத்தனம்தான், வேறென்ன? உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “அவ திட்டணும்னு நெனச்சா மாமியா வூட்லேர்ந்தா வந்து திட்டுவா? இப்பவே குடு” என்றாள். சரிதான். அதனால் இப்போதே கொடுத்து அனுப்புகிறேன். நான் எங்கேயும் போகவில்லை, பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வந்து திட்டும்மா. பந்தல்காரர் முன்னால், சொந்தக்காரர் முன்னால், யார் இருந்தாலும் பரவாயில்லை, அன்று நான் கத்தினேனே அதே சத்தத்தில் திட்டு. நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நைனா